ஆலைப் பட்டணமும் பனியன் பட்டணமும்

கட்டிடக் கலை நிலையம் ஒன்றின் தகுதியை மதிப்பிடப் புகுவோர், அந்நிலையம் கட்டியவற்றுள் கண்ணுக்கு மிக அழகியது எதுவோ அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவது வழக்கம். அதைவிடக் கடினமானதும் நியாயமானதுமான பரீட்சை வேறொன்று உண்டு. ஊருக்குப் பொதுவான ஒரு மண்டபம், பிள்ளைகள் பயிலும் ஒரு கலாசாலை, ஒரு குடும்பம் உண்டு உறங்கும் ஒரு வீடு ஆகிய மூன்றையும் ஒரே நிலையம் வரைந்திருக்குமானால், செலவிலும் பயனிலும் வெவ்வேறான அம்மூன்றிலும் வெயிலைப் பற்றியும், காற்றைப் பற்றியும், உள்ளே வாழப் போகிறவர்களைப் பற்றியும் ஒரே விதமான சிரத்தை காணப்படுகிறதா என்று தேடிப் பார்ப்பதே அப்பரீட்சை. ஆனால் இதற்கு உட்படும் பாக்கியம் எல்லாக் கட்டிடக் கலைஞர்களுக்கும் வாய்ப்பதில்லை. மூன்று வகை வேலைகளையும் ஊர் அவர்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஆகவே கலைஞரைப் பரீட்சிக்குமுன் ஊரைப் பரீட்சிக்க வேண்டியதாகிறது. நொய்யலாற்றங்கரையில் பின்னலாடையால் செல்வம் கண்ட திருப்பூரும், அதைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம் வட்டாரமும் இந்த விஷயத்தில் எவ்விடத்தில் நிற்கின்றன என்பதை ஆராய்வதே இங்கு நமது நோக்கம்.

பருத்தியால் உயர்ந்த பட்டணம் ஒன்று கட்டிடக் கலைக்கு என்னவெல்லாம் செய்யக்கூடும் என்பதற்கு அகமதாபாத்தைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் இந்தியாவில் இல்லை. சுதந்திரம் வந்து பத்தாண்டு ஆவதற்குள் அந்நகரத்து ஆலை முதலாளிகள், சண்டிகர் நகர நிர்மாணத்துக்காக இந்தியா வந்து போய்க்கொண்டிருந்த லெ கார்பூசியரை அழைத்துத் தங்கள் சங்கத்துக்கு ஒரு கட்டிடம் கேட்டார்கள். 1954-இல் சபர்மதிக் கரையில் எழுந்த அக்கட்டிடத்தின் வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் ஏறக்குறைய ஜன்னலே இன்றி மூடிக் கிடக்க, கிழக்கும் மேற்கும் ஆழமான கான்கிரீட் தடுப்புகளுக்குப் பின்னால் திறந்து நிற்கின்றன. வெயில் தடுப்போடு நின்றுவிடுகிறது, ஆற்றுக் காற்று உள்ளே போகிறது. அதே ஆலைக் குடும்பங்களின் ஊக்கத்தினால், ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமாகிய அட்டிராவின் கட்டிடத்தை அச்சுத் கான்விந்தே வரைந்தார். கஸ்தூர்பாய் லால்பாயும் விக்ரம் சாராபாயும் முன்னின்று தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகத்துக்காக 1962-இல் அமெரிக்காவிலிருந்து லூயி கான் வரவழைக்கப்பட்டு, பூச்சு மறைக்காத செங்கல்லில் வளைவுகளும் வட்டத் திறப்புகளும் கொண்ட அந்த வித்தியாலயத்தை 1974-இல் காலமாகும் வரை வளர்த்துக்கொண்டிருந்தார். துணி விற்ற பணம் இத்தனை துணிச்சலாகக் கட்டிடத்தில் இறங்கிய காலம் நம் நாட்டில் மற்றொன்று இருந்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் உருவான உள்ளூர் நிலையம்தான் நமது ஆராய்ச்சிக்கு முக்கியமானது. பாரிஸில் லெ கார்பூசியரிடம் பணிபுரிந்து, அவருடைய அகமதாபாத் வேலைகளை மேற்பார்வை செய்யத் திரும்பி வந்த பாலகிருஷ்ண தோஷி, 1956-இல் வாஸ்து சில்பா என்ற நிலையத்தைத் தோற்றுவித்தார். அட்டிரா ஊழியர்களுக்குக் குறைந்த செலவுக் குடியிருப்பு, 1960-களில் கட்டிடக் கலைக் கல்லூரி, தாகூர் மண்டபம், பிரேமாபாய் மண்டபம், 1973-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் குடியிருப்பு, பின்னர் பெங்களூரின் மேலாண்மைக் கழகம், 1980-இல் தமக்கென்றே ஒரு பணிமனை என்று அவருடைய வேலைகள் பரந்து சென்றபோதிலும், அவற்றின் உள்ளே ஓடும் எண்ணம் ஒன்றே. கல்லூரிக் கட்டிடத்தை அவர் தூண்கள்மேல் உயர்த்தி, கீழே மாணவர் கூடிப் பேச நிழலான வெற்றிடத்தை விட்டார். சங்காத் என்னும் தம் பணிமனையைப் பாதி பூமிக்குள் இறக்கி, அதன் வில் கூரைகள்மேல் உடைந்த வெள்ளைப் பீங்கான் துண்டுகளைப் பதித்து வெயிலைத் திருப்பியடித்தார். காப்பீட்டுக் கழகக் குடியிருப்பில் பெரிய வீட்டைக் கீழேயும் சிறிய வீட்டை மேலேயும் வைத்து, தலைமுறைகள் மாற மாற வீட்டார் தாமே சேர்த்தும் மாற்றியும் கட்டிக்கொள்ள இடம் வைத்தார். இந்த எண்ணத்தின் பூரணமான உருவம் இந்தூரில் உள்ள அரண்யா என்ற குடியிருப்பு. 1989-இல் நிறைவுற்ற அத்திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது முடிந்த வீடு அன்று. 35 சதுர மீட்டர் மனையும், அதில் ஓர் அடித்தளமும், தண்ணீரும், கழிப்பறையும் மட்டுமே. எப்படி வளர்க்கலாம் என்று காட்டுவதற்காக 80 மாதிரி வீடுகள் மட்டும் கட்டி நிறுத்தப்பட்டன. மீதியை மக்கள் தம் கைக்கு வந்த காசுக்கு ஏற்றபடி கட்டிக்கொண்டார்கள். இன்று 6,500-க்கும் மேற்பட்ட வீடுகளில் 80,000 பேருக்கு மேல் அங்கே வாழ்கிறார்கள். 2018-இல் கட்டிடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு முதன்முதலாக ஓர் இந்தியருக்கு, தோஷிக்கு, கிடைத்தபோது, பரிசு பெற்றவர் மண்டபங்களை மட்டும் கட்டியவராக இருந்திருந்தால் அது அவ்வளவு பொருத்தமாக இருந்திராது.

அகமதாபாத்தைப் புகழ்வதில் ஓர் எல்லையும் வைத்துக்கொள்ள வேண்டும். லெ கார்பூசியருக்கு மாளிகை கட்டும் வேலை கொடுத்த அதே நகரத்தில் ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கமான சால் குடியிருப்புகளில்தான் காலம் கழித்தார்கள். 1980-களிலும் 1990-களிலும் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டபோது கட்டிடங்கள் நிலைத்தன, வேலை நிலைக்கவில்லை. கலைஞர்களை அழைக்கத் தெரிந்த முதலாளிகளுக்குத் தம் தொழிலாளியின் வீட்டுக்கு அவர்களை அழைத்துப் போகும் எண்ணம் அதிகமாகத் தோன்றவில்லை. தோஷி அங்கே போனது பெரும்பாலும் ஆராய்ச்சிச் சங்கங்களும் அரசாங்க ஸ்தாபனங்களும் அழைத்ததனால்தான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். மதுரையில் ஹார்வி சகோதரர்களின் ஆலை நிர்வாகம் சுதந்திரத்துக்கு முன்பே திருப்பரங்குன்றத்தை அடுத்து ஹார்விபட்டி என்ற தொழிலாளர் ஊரையே அமைத்தது. அதே ஆலையின் வழிவந்த நிர்வாகம் 1970-களின் தொடக்கத்தில் தன் அதிகாரிகளின் மன்றத்துக்காக இலங்கையின் ஜெஃப்ரி பாவாவை அழைத்தது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் கல்தூண்களையும் கதவுகளையும் சேர்த்து, கருங்கல் சுவரும் ஆழமான தாழ்வாரமுமாக அவர் அமைத்த மதுரை மன்றம், தமிழ்நாட்டின் பழைய பொருள்களை அவற்றின் கௌரவம் கெடாமல் மறுபடி உபயோகிக்கும் விதத்துக்கு ஒரு பாடமாகவே இருக்கிறது. பாவா பங்காளியாக இருந்த எட்வர்ட்ஸ், ரீட் அண்டு பெக் நிலையம் வீடுகளில் தொடங்கிப் பள்ளிகள், அலுவலகங்கள், விடுதிகள் வரை கட்டியது. பிற்காலத்தில் இலங்கையின் கோட்டேயில் நாடாளுமன்றமும் மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகமும் அவர் வரைந்து எழுந்தன. கோயம்புத்தூரில் ஆலை முதலாளிகளின் பணம் கட்டிடக் கலைஞரைத் தேடியதைவிடக் கல்வியையே மிகுதியாகத் தேடியது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இலும், தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமாகிய சிட்ரா 1956-இலும் தோன்றின. அழகு அங்கே இரண்டாம் பட்சம். பயன் முதலில் வந்தது. இதைக் குறையாகச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

திருப்பூரின் சரித்திரமோ இவையனைத்திலிருந்தும் வேறுபட்டது. ரயில் வந்தபின் பருத்திச் சந்தையாகவும், பஞ்சரைக்கும் ஆலைகளும் பேல் கட்டும் ஆலைகளும் நிறைந்த ஊராகவும், பிறகு கதர் இயக்கத்தின் தென்னாட்டுக் கேந்திரங்களுள் ஒன்றாகவும் விளங்கிய இவ்வூரில், பின்னல் இயந்திரம் 1920-களில் வந்தது. 1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிற்று. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாயிற்று. பெரிய ஆலை ஒன்று வந்து ஊரை உண்டாக்கவில்லை. ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் விவரித்தபடி, தோட்டத்தில் உழைத்த குடியானவர் பனியன் கம்பெனியில் தொழிலாளியாகப் புகுந்து, பிறகு பங்கு சேர்ந்து, பிறகு தாமே முதலாளியாகி, நிட்டிங் ஓரிடத்திலும், சாயம் ஓரிடத்திலும், கட்டிங் ஓரிடத்திலும், ஓவர்லாக் மற்றோரிடத்திலுமாக வேலையைப் பகிர்ந்துகொண்டதனால் ஊர் முழுவதுமே ஒரு தொழிற்சாலையாகிவிட்டது. இத்தகைய ஊரில் ஒரு கட்டிடம் எப்படிப் பிறக்கிறது? காதர்பேட்டைப் பக்கமோ, அனுப்பர்பாளையத்துப் பக்கமோ, ராயபுரத்திலோ ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையில் நான்கு பவர் டேபிள்கள் போடப்படுகின்றன. ஆர்டர் வந்ததும் புழக்கடையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்ட ஷெட் எழுகிறது. அடுத்த ஆர்டர் வந்ததும் வீடே இடிக்கப்பட்டு ஹாலோ பிளாக்கில் இரண்டு தளம் எழும்பி, மூன்றாவது தளத்துக்காகத் தூண்களின் உச்சியில் கம்பிகள் நீட்டி விடப்படுகின்றன. அந்தக் கம்பிகள் மழையில் துருப்பிடித்தபடி அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கின்றன. வியாபாரம் எப்படி வளர்ந்ததோ அப்படியே கட்டிடமும் வளர்ந்தது. வரைபடம் பின்னால் வந்து சேர்ந்தது, அல்லது வரவேயில்லை.

இந்த வளர்முறையைக் கண்டு நகரத்துக் கட்டிடக் கலைஞர்கள் முகம் சுளிப்பது உண்டு. நமக்கு அது சரியாகத் தோன்றவில்லை. கையில் உள்ள காசுக்கு மேல் கட்டாமல், கடனில் மாட்டிக்கொள்ளாமல், தேவை வந்தபோது மட்டும் கூட்டிக் கட்டுவது விவேகமான செயல்தான். அரண்யாவில் தோஷி போற்றி வளர்த்ததும் இதே விவேகத்தைத்தான். வித்தியாசம் ஒன்றே. அங்கே, மேலே என்ன வரும் என்பதைக் கீழே அடித்தளம் போடும்போதே சிந்தித்திருந்தார்கள். சிந்திக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை: 2013 ஏப்ரல் 24-இல் டாக்கா அருகே சாவரில் இடிந்து விழுந்த ராணா பிளாசாவின் மேல்தளங்கள் அனுமதியின்றிக் கூட்டப்பட்டவை, கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாக எழுந்த கட்டிடத்தில் தையல் இயந்திரங்களும் ஜெனரேட்டர்களும் ஏற்றப்பட்டிருந்தன, 1,134 பேர் மாண்டார்கள். அதன்பின் மேல்நாட்டுக் கம்பெனிகளின் ஆடிட்டர்கள் திருப்பூருக்கு வந்தாலும் துணியைப் பார்க்குமுன் மாடிப்படியின் அகலத்தையும், அவசர வழியையும், கட்டிடத்தின் உறுதிச் சான்றிதழையும் பார்க்கத் தொடங்கினார்கள். கட்டிடக் கலையின் ஒரு பகுதி, கலைஞர்கள் வழியாக அன்றி வாங்குபவர்களின் நிர்ப்பந்தத்தால் திருப்பூருக்குள் பிரவேசித்தது.

பனியன் கம்பெனியின் உள்ளே வேண்டியது என்ன என்று சற்று விரிவாகவே பார்க்கலாம். இத்துறையில் கட்டிடக் கலைஞரின் அறிவு மிகுதியாகப் பயன்படக்கூடிய இடம் இதுதான். செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நிழல் விழாத வெளிச்சம் வேண்டும். அயர்னிங் பகுதியின் நீராவி மேலேறி வெளியே போக வேண்டும். பஞ்சுத் தூசு பறக்காதபடி காற்று மெதுவாக வர வேண்டும். பழைய நூற்பாலைகள் வெளிச்சத்துக்காக ரம்பப் பல் போன்ற கூரையை இங்கிலாந்திலிருந்து எடுத்துக்கொண்டு, பற்களின் நேர்ச்சுவர்களை வடக்கு நோக்கித் திறந்து கண்ணாடி பதித்தன. லங்காஷயரில் உச்சிப் பொழுதில் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான் இருக்கும். ஆதலால் அங்கே வடக்கு வெளிச்சம் பெரும்பாலும் மாசற்றது. திருப்பூரோ 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரையில் தொடங்கி ஆவணி முற்பகுதி வரை உச்சிப் பொழுதில் சூரியன் நம் தலைக்கு வடபுறமாகச் சாய்ந்து நிற்கிறான். காலையிலும் மாலையிலும் வடகிழக்கும் வடமேற்குமாக இன்னும் தாழ்ந்து அடிக்கிறான். வடக்குக் கண்ணாடிக்கும் இங்கே நீட்டிய வெயில் தடுப்பு வேண்டும் என்பதை அச்சில் வார்த்த கூரை சொல்லித் தராது. காற்றின் விஷயத்திலோ இந்தப் பிரதேசத்துக்கு இயற்கை செய்திருக்கும் உபகாரம் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கும் காற்றை நம்பித்தான் பல்லடத்திலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் காற்றாலைகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. அந்தக் காற்றில் மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தால் மின்விசிறி சுழற்றி, மேற்குச் சுவரை மட்டும் ஜன்னலின்றி மூடி வைத்திருக்கும் கம்பெனிகள் எத்தனை!

சட்டமும் ஒரு கணக்குச் சொன்னது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றும், தரைக்கு மேல் 4.2 மீட்டருக்கு அப்பால் உள்ள உயரத்தை இக்கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் விதித்தது. பத்தடி உயரக் கூரையின்கீழ் ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 50 சதுர அடி தரை வேண்டுமானால், பதினான்கு அடிக் கூரையின்கீழ் 36 சதுர அடி போதும். நான்கடிச் சுவர் உயர்த்தும் செலவைக் கருதித் தரையின் நாலில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறோம் என்பதை முதலாளிக்குக் காகிதத்தில் போட்டுக் காட்ட ஓர் ஆள் தேவை. ஷெட் போடும் காண்டிராக்டர் அதைச் செய்யமாட்டார். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதியாக இருந்தது. அந்தக் காப்பகம் மாடிப்படியின் பக்கத்தில் ஒதுக்கப்பட்ட அறையா, மரநிழலை நோக்கித் திறக்கும் அறையா என்பது மட்டும் சட்டத்தில் எழுதப்படவில்லை. அண்மைக் காலத்தில் பசுமைக் கட்டிடச் சான்றிதழ் பெறும் பெரிய கம்பெனிகள் சில இவற்றையெல்லாம் கவனிக்கத் தலைப்பட்டிருப்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும். ஆனால் ஊரின் வேலையில் பெரும்பகுதி இன்னும் சிறு ஷெட்டுகளிலேயே நடக்கிறது.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டிடக் கலைஞர்கள் தாராளமாக அழைக்கப்படும் இடம் அது ஒன்றே. கொங்கு நாட்டின் தொட்டிக்கட்டு வீட்டில் வெளியாருக்கு ஆசாரமும், நடுவே வானம் பார்த்த தொட்டியும், அதைச் சுற்றித் தாவாரமும் இருந்தன. சூடான காற்று தொட்டி வழியே மேலேற, சுற்றியுள்ள அறைகள் குளிர்ந்திருந்தன. இன்று அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் எழும் மாளிகைகள் சிலவற்றில் அந்தத் தொட்டி கண்ணாடிக் கூரையோடு திரும்பி வந்திருக்கிறது. வானத்தை மூடிவிட்டு வெயிலை மட்டும் உள்ளே விடும் இந்த ஏற்பாட்டைச் சம்பிரதாயத்தின் மறுமலர்ச்சி என்று அழைப்பது அதிகம். முன்முகப்பு எலிவேஷனுக்காகச் செலவாகும் பணத்தில் பாதியை மொட்டை மாடியில் தட்டோடும் வெள்ளைப் பீங்கானும் பதிக்கச் செலவிட்டால் வீட்டின் ஏ.சி. இயந்திரங்கள் இன்னும் சற்று ஓய்வெடுக்கும். வாஸ்து பார்ப்பவர் சொல்வதற்காகச் சமையலறையை மூன்று தடவை இடம் மாற்றும் வீட்டார், மேற்கு வெயிலைப் பற்றிக் கட்டிடக் கலைஞர் சொல்வதை ஒரு தடவை கேட்டாலும் நல்லது.

கல்விக்கூடங்களின் நிலை கலப்பானது. முதலிபாளையத்தில் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் 1997-இல் பின்னலாடை வடிவமைப்புக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது, தொழில் ஒன்று தனக்கான கல்வியைத் தானே நிறுவிக்கொண்டதற்கு நல்ல உதாரணம். ஊருக்குள்ளோ ஆயிரக்கணக்கான மாணவியர் பயிலும் ஜெய்வாபாய் பெண்கள் பள்ளி போன்ற இடங்களில் பிரச்சினை அழகைப் பற்றியது அன்று, நெரிசலைப் பற்றியது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் கருகி மாண்டபின் கூரை, படி, வாசல் ஆகியவற்றைப் பற்றிய விதிகள் தமிழ்நாடெங்கும் கடுமையாக்கப்பட்டன. 2022-23 நிதிநிலை அறிக்கையில் அரசுப் பள்ளிக் கட்டிடங்களுக்காக ஐந்து ஆண்டுகளில் ரூ. 7,000 கோடி என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது. பணமும் விதியும் வந்தன. ஆனால் கடலோரத்து நாகப்பட்டினத்துக்கும் காற்றடிக்கும் பல்லடத்துக்கும் ஒரே மாதிரி வரைபடத்தைக் கொடுத்தால், ஓரிடத்தில் தாழ்வாரம் மழையைத் தடுக்கும்போது மற்றோரிடத்தில் அது காற்றைத் தடுக்கும். பக்கத்து ஷெட்டில் நிட்டிங் இயந்திரம் ஓயாமல் ஓடும் தெருவில் அமைந்த ஆரம்பப் பள்ளிக்கு அந்தச் சுவரை மட்டும் கனமாக்கி, ஜன்னல்களை மறுபுறம் திருப்பி வைக்க ஒரு மனிதர் அந்த இடத்துக்கு நேரில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். மாதிரி வரைபடத்துக்குக் காதில்லை.

பொதுக் கட்டிடங்களில் திருப்பூர் வறியது என்றே சொல்ல வேண்டும். விடுதலைப் போராட்டத்தில் பட்ட தடியடிக் காயங்களால் 1932 ஜனவரி 11-இல் உயிர் நீத்த குமரனின் நினைவை ரயில் நிலையத்தருகே ஊர் போற்றிக் காக்கிறது. 2017-இல் சீர்மிகு நகரத் திட்டத்தில் இடம் பெற்றபின் பேருந்து நிலையம், வாகன நிறுத்தம் முதலியவை புதிதாகக் கட்டப்பட்டன. இவையன்றி ஊரார் மெய்யாகவே கூடும் இடம் கல்யாண மண்டபம்தான். சங்கக் கூட்டமும் ரத்த தான முகாமும் சீட்டு நடத்துவோரின் வருஷ விழாவும் அங்கேயே நடக்கின்றன. வாடகைக்கு விடுவதற்காக ஒருவர் கட்டிய கட்டிடம் ஊரின் சபா மண்டபமாக வேலை செய்வதைப் பார்த்தால், பொது மண்டபத்துக்குத் தேவை எவ்வளவு என்பது விளங்கும். நகரத்தை அடுத்த திருமுருகன்பூண்டியில் கல் செதுக்கும் சிற்பிகளின் உளி ஓசை தெரு நெடுக ஒலிக்கிறது. அந்தக் கைகளுக்கு ஒரு நூலகத்தின் வாசற்படியையோ சந்தையின் தூணையோ செதுக்கும் வேலையைக் கொடுக்க யாருக்கும் தோன்றாதது விசித்திரம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிடக் கலைஞரின் கால் படாத ஓர் இடம் திருப்பூரில் உண்டு; அது லைன் வீடு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் திருப்பூர் நகரத் தொகுதியில் ஏறத்தாழ 9.6 லட்சம் பேர் இருந்தார்கள். தென் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகவும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து தனி ஆளாகவும் வந்து சேர்ந்தவர்கள் அவர்களுள் பலர். பத்துக்குப் பத்து அறை ஒன்று, அதன் மூலையிலேயே அடுப்பு, தலைக்கு மேல் ஷீட்டு, முற்றத்தின் கோடியில் பல வீட்டாருக்குமாகக் கழிப்பறை என்ற இந்தக் குடியிருப்பை வரைந்தவர் யாரும் இல்லை. இருபது மனைகளை வைத்திருப்பவர் கொத்தனாரிடம் ஒரு குச்சியால் தரையில் கோடு இழுத்துக் காட்டினால் போதும், கட்டிடம் எழுந்துவிடும். 1972-ஆம் ஆண்டின் கட்டிடக் கலைஞர் சட்டம் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளும் உரிமைக்குத்தான் காவல் என்றும், வரையும் தொழிலை மற்றவர்க்குத் தடுக்கவில்லை என்றும் 2020-இல் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. ஆகையால் குச்சிக் கோடு அச்சட்டத்துக்கு விரோதமும் அன்று. நூற்பாலை விடுதிகளின் கதையோ இன்னும் துயரமானது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மதிலுக்குள் வைத்திருந்த முறை பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2014-இல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. மதிலின் உயரமும் வாசலின் எண்ணிக்கையும் கட்டிடக் கலையின் விஷயங்கள்தாம். அங்கே அவை சிறையின் கணக்கில் தீர்மானிக்கப்பட்டிருந்தன.

பணம் இல்லை என்று சொல்ல இயலாது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் மின்னணுத் தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்குவதற்காக ரூ. 706.50 கோடியில் சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. மனம் வைத்தால் இத்துறையில் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அது சான்று. ஆயினும் அத்தனை பேரை ஓரிடத்தில் அடுக்குவது ஒரே ஆலைக்கு வேலை செய்வோருக்குப் பொருந்தலாம், ஊர் முழுவதும் சிதறிக் கிடக்கும் பனியன் கம்பெனிகளுக்குப் பொருந்தாது. திருப்பூர்த் தொழிலாளி இன்று ஒரு கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பார், அடுத்த மாதம் வேறிடத்தில் கட்டிங் பார்ப்பார், சிறிது காசு சேர்ந்தால் தம் அறையிலேயே ஓர் ஓவர்லாக் இயந்திரம் வாங்கிப் போடுவார். அவருடைய வீடு வளரக்கூடியதாகவும், தேவையானால் பட்டறையாக மாறக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நடைதூரத்தில் சிறு சிறு குடியிருப்புகளாக, ஒவ்வொன்றிலும் அடித்தளமும் தண்ணீரும் கழிப்பறையும் ஒழுங்காகக் கொடுத்து, மேல்தளத்தின் பாரத்தையும் மாடிப்படியின் இடத்தையும் முன்கூட்டியே நிச்சயித்து, மீதியை வாழ்பவரிடம் விடும் அரண்யாவின் முறை, கம்பி நீட்டி விட்டுக் காத்திருக்கத் தெரிந்த இந்த ஊருக்கே உரியதுபோல் இருக்கிறது.

கட்டும் முறைக்கும் வழிகாட்டி தூரத்தில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரத்தில் 2007-இல் காலமான லாரி பேக்கர் அதைச் செய்து காட்டியிருக்கிறார். அந்நகரின் உள்ளூர் என்ற பகுதியில் வளர்ச்சி ஆராய்ச்சி மையமாகிய கல்வி ஸ்தாபனம், தம்பானூரில் காபி ஹவுஸ், திருவல்லாவில் தேவாலயம், செங்கல்சூளைக் குடிசைவாசிகளுக்கு வீடு என்று பொதுவும் கல்வியும் குடியிருப்பும் ஒருங்கே அவர் கையில் வந்தன. அத்தனையிலும் பூச்சில்லாத செங்கல், ஜாலிச் சுவர், நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டு என்பவையே உபகரணங்கள். எலிப்பொறிக் கட்டில் செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது, நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. தடாகம் பள்ளத்தாக்கின் சூளைகள் 2021-இல் மூடப்பட்டபின் செங்கல் கிராக்கியான கொங்கு நாட்டில் இந்தச் சிக்கனம் அலட்சியம் செய்யத் தக்கதன்று. பேக்கரின் வீடுகளைப் பார்த்து அவை ஏழைத் தோற்றம் உடையவை என்று சொல்வாரும் உண்டு. திருப்பூரில் அந்த அபிப்பிராயம் பலமாகவே இருக்கும் என்பதை நாம் அறிவோம். ஏழ்மையிலிருந்து எழுந்த ஒரு தலைமுறைக்குப் பூச்சற்ற சுவர் பழைய நாட்களை நினைவூட்டுவது இயற்கை. அதற்காகப் பூசிக்கொள்ளட்டும், உள்ளே கட்டு சரியாக இருந்தால் போதும்.

ஆகவே இவ்வூரின் கட்டிடக் கலை நிலையங்களுக்குத் திறமை இல்லை என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. முதலாளியின் வீட்டையும் கம்பெனியின் முகப்பையும் மட்டுமே கொடுத்துவிட்டு, அவர்களிடமிருந்து ஒரு வாஸ்து சில்பாவை எதிர்பார்ப்பது தவறு. கூடிச் செய்யும் பழக்கம் ஊருக்குப் புதிதன்று. குடிநீரும் ஆலைநீரும் இல்லாமல் தவித்தபோது ஏற்றுமதியாளர்களும் அரசாங்கமும் சேர்ந்து 1995-இல் ஒரு கழகத்தை அமைத்து, 2005-இல் பவானியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தை நிறைவேற்றினார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத பொதுச் சுத்திகரிப்பு முறையை நோக்கிக் கூட்டாகவே நகர்ந்தார்கள். 2015-இல் தொடங்கிய வனத்துக்குள் திருப்பூர் இயக்கத்தில் லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். தண்ணீருக்கும் மரத்துக்கும் கூடியவர்கள் வீட்டுக்கும் கூடலாம். ஏற்றுமதியாளர் சங்கமும் மாநகராட்சியும் சேர்ந்து, நடைதூரத்தில் கம்பெனிகள் உள்ள ஒரு மனையில், வளரும் வீடுகளும் ஒரு காப்பகமும் ஓர் ஆரம்பப் பள்ளியும் ஒரு சிறு மண்டபமும் கொண்ட குடியிருப்புக்கு வரைபடப் போட்டி ஒன்றை அறிவிக்க வேண்டும். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் நிலையங்கள் அனைத்துக்கும் அதில் இடம் இருக்கட்டும். தீர்ப்புச் சொல்ல உட்காருவோரில் இன்று லைன் வீட்டில் குடியிருக்கும் பெண்கள் இரண்டு பேராவது இருக்கட்டும்.